ட்ரையத்லான் சைக்கிளுக்கு ஃபிரேம் அளவு: 51 எடுப்பதா, 54 எடுப்பதா?

முதல்நீச்சல்:

அனைவருக்கும் வணக்கம். அரைத்தூரப் போட்டி ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இதுவரை ரோடு சைக்கிளில்தான் பயிற்சி. இப்போது ட்ரையத்லானுக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள் ஒன்றை வாங்கப் போகிறேன். மாடலை முடிவு செய்துவிட்டேன், அளவில்தான் நிற்கிறேன்.

என் உயரம் 171 செ.மீ., உட்கால் நீளம் 80 செ.மீ. நிறுவனத்தின் அட்டவணைப்படி 165 முதல் 172 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு 51. 170 முதல் 178 வரை உள்ளவர்களுக்கு 54. இரண்டிலும் நான் இருக்கிறேன். இரண்டு ஃபிரேம்களின் அளவுகள் இவை:

51: ஸ்டாக் 490 மி.மீ., ரீச் 400 மி.மீ.
54: ஸ்டாக் 515 மி.மீ., ரீச் 415 மி.மீ.

என் ரோடு சைக்கிள் 54. அதே எண்ணை எடுத்தால் போதுமா? "சந்தேகம் வந்தால் சிறியதை எடு" என்று உடன் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மேட்டுப்பாதை:

உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி. 51 எடுங்கள். சிறிய ஃபிரேமை நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு), ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) எல்லாம் போட்டுப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரியதைச் சிறியதாக்க வழியில்லை. எடையும் கொஞ்சம் குறையும். காலம் போகப் போக உடல் வளைந்துகொடுக்கத் தொடங்கும், இன்னும் தாழ்வாகப் படுக்கத் தோன்றும். அப்போது 54 உங்களைத் தாழ விடாது.

காற்றுவழி:

மேட்டுப்பாதை சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன், மறுபாதியைப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால், கேள்வியையே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

51, 54 என்ற எண்களை மறந்துவிடுங்கள். அவை ஒரு காலத்தில் சீட் ட்யூபின் (சீட்டைத் தாங்கும் குழாயின்) நீளத்தைச் செ.மீ. கணக்கில் சொன்னவை. இன்றைய ஃபிரேம்களில் அந்த எண்ணுக்குப் பொருத்தமான குழாய் எதுவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு நிறுவனத்தின் 54-உம் இன்னொரு நிறுவனத்தின் 54-உம் இரண்டு விரற்கடை உயரம் வேறுபடலாம். ஒரே நிறுவனத்தின் ரோடு சைக்கிளுக்கும் ட்ரையத்லான் சைக்கிளுக்குமே அந்த எண் ஒத்துப்போகாது. ஆகவே "என் ரோடு சைக்கிள் 54" என்ற தகவல் இங்கே உதவாது.

உண்மையில் பயன்படுபவை நீங்கள் கொடுத்த அடுத்த இரண்டு எண்கள். ஸ்டாக் என்பது பாட்டம் பிராக்கெட்டின் (பெடல்களின் அச்சு சுழலும் இடத்தின்) மையத்திலிருந்து ஹெட் ட்யூபின் (முன் ஃபோர்க் நுழையும் குழாயின்) மேல்முனை வரை செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது. ரீச் என்பது அதே இரு புள்ளிகளுக்கும் இடையே கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்பது. ஃபிரேமின் முன்முனை வெளியில் எங்கே நிற்கிறது என்பதை இந்த இரண்டும் சொல்லிவிடுகின்றன. சீட் ட்யூபின் சாய்வு, டாப் ட்யூபின் நீளம் எதுவும் இதில் குறுக்கிடுவதில்லை. அதனால்தான் எந்த நிறுவனத்தின் ஃபிரேமையும் எதனோடும் ஒப்பிட முடிகிறது.

உயரத்தை வைத்துப் போடப்பட்ட அட்டவணைக்கு உங்கள் கால் எவ்வளவு, முதுகு எவ்வளவு, கை எவ்வளவு என்று தெரியாது. 171 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உட்கால் 76, இன்னொருவருக்கு 83 இருக்கலாம். கால் நீண்டவருக்குச் சீட் உயரும், முதுகு குட்டையாக இருக்கும். உயரமான ஸ்டாக்கும் குறைந்த ரீச்சும் அவருக்குத் தேவை. மற்றவருக்கு நேர்மாறு. இருவரையும் ஒரே கட்டத்தில் அடைக்கும் அட்டவணையை நம்பி இவ்வளவு பெரிய பொருளை வாங்கக் கூடாது.

ரோடு சைக்கிளிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோடு சைக்கிளில் சீட் ட்யூபின் கோணம் பொதுவாக 72 முதல் 74 பாகை. ட்ரையத்லான் சைக்கிளில் ஓட்டுபவர் உண்மையில் உட்காரும் கோணம் 78, 79, சிலருக்கு 80-க்கும் மேல். உட்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கும். உங்களுக்கு அது 70.6 செ.மீ. அந்த உயரத்தில் 73 பாகையிலிருந்து 79 பாகைக்கு நகர்ந்தால் உங்கள் இடுப்பு ஏறத்தாழ 7 செ.மீ. முன்னே போகிறது. முதுகைத் தாழ்த்தும்போது தொடை வயிற்றில் முட்டாமல் இருக்கவே இந்த நகர்வு. பாட்டம் பிராக்கெட்டை மையமாக வைத்து, கடிகார முள்ளை நகர்த்துவதுபோல, மொத்த உடலும் முன்பக்கமாகச் சுழல்கிறது. இடுப்புக் கோணம் சுருங்காமலே மார்பு தாழ்கிறது. இடுப்பு முன்னே போனால் முழங்கையும் முன்னே போக வேண்டும், கீழேயும் போக வேண்டும். அந்த முழங்கை எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் உங்கள் ஃபிரேமைத் தீர்மானிக்கும் புள்ளி.

எனவே வாங்குவதற்கு முன் நான்கு அளவுகளைக் கொண்டுவாருங்கள்: சீட் உயரம், சீட்டின் முனை பாட்டம் பிராக்கெட்டுக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே, ஏரோபாரின் (முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்டுவதற்கான முன்கம்பியின்) முழங்கைத் திண்டின் மேற்பரப்பு பாட்டம் பிராக்கெட்டிலிருந்து எவ்வளவு உயரம், திண்டின் நடுப்புள்ளி அதே மையத்திலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தூரம். கடைசி இரண்டும் கையில் இருந்தால் ஃபிரேம் அளவு வெறும் கூட்டல் கழித்தல்தான்.

முதல்நீச்சல்:

மிக்க நன்றி. ஆனால் சைக்கிளையே இன்னும் வாங்கவில்லையே, திண்டு எங்கே நிற்கும் என்று எப்படி அளப்பது?

காற்றுவழி:

இரண்டு வழி. எல்லாப் பக்கமும் நகர்த்தக்கூடிய ஃபிட்டிங் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து பார்ப்பது முதல் வழி. ட்ரையத்லான் நிலையை அறிந்தவராக அவர் இருக்க வேண்டும். ரோடு சைக்கிளுக்கு மட்டும் பழகியவர் உங்களைப் பின்னாலேயே உட்கார வைத்துவிடுவார்.

இரண்டாவது வழி, இருக்கும் ரோடு சைக்கிளை, நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் உள்ளரங்க ட்ரெய்னரில் மாட்டி, பொருத்திக் கழற்றக்கூடிய ஏரோபாரைப் போட்டு, சீட்டை முடிந்தவரை முன்னே தள்ளிச் சோதிப்பது. சாதாரண சீட் போஸ்ட் போதவில்லையென்றால் முன்பக்கம் வளைந்த சீட் போஸ்ட் கிடைக்கிறது. சீட்டை முன்னே தள்ளும்போது கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும், பின்னால் இருந்த உயரத்திலேயே விட்டுவிடாதீர்கள். 73-லிருந்து 79 பாகைக்கு ஏறத்தாழ 18 மி.மீ. செங்குத்தாக உயர்ந்தால்தான் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையே தூரம் மாறாமல் இருக்கும். ஏரோபாரை எடுத்தவுடனே ஆகத் தாழ்வாக வைக்காதீர்கள். தோளிலிருந்து முழங்கை ஏறத்தாழ நேர்கீழாகவோ சற்று முன்னோக்கியோ இறங்கட்டும். எலும்பின் மேல் எடை தங்க வேண்டும், தோள் தசை தாங்கிப் பிடிக்கக் கூடாது. அரை மணி நேரம் போட்டி வேகத்தில் ஓட்டிய பிறகும் கை எழ விரும்பவில்லை என்றால் அந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள்.

சக்கரத்தச்சன்:

அளக்கும் முறையை நான் சொல்கிறேன். பட்டறையில் தினமும் செய்வது.

முதலில் சைக்கிள் நின்ற தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ட்ரெய்னரில் மாட்டினால் பின்சக்கரம் உயர்ந்துவிடும். முன்சக்கரத்துக்கு அடியில் அதே அளவு உயர்த்தி, இரண்டு அச்சுகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று நாடாவால் உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த எந்த அளவும் வீண்.

தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை அளக்கவும். தரையிலிருந்து திண்டின் மேற்பரப்பு வரை அளக்கவும். இரண்டையும் கழித்தால் திண்டின் உயரம். கிடைமட்டத் தூரத்துக்கு ஒரு தூக்குக்குண்டு போதும். திண்டின் நடுவிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் ஒரு புள்ளி வையுங்கள், பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து தொங்கவிட்டு இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். சீட் முனைக்கும் இதேதான். நாடாவைச் சாய்வாகப் பிடித்து அளப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சீட் உயரம் மட்டும்தான் சாய்வாக அளக்கப்படுவது.

திண்டின் நடுவா, பின்விளிம்பா என்பதையும் எழுதி வையுங்கள். சிலர் பின்விளிம்பிலிருந்து அளப்பார்கள். அதைக் கலந்துவிட்டால் நான்கைந்து செ.மீ. தவறிப்போகும்.

குறுஞ்சட்டம்:

எல்லாரும் ஃபிரேமைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 154 செ.மீ. உயரம் உள்ளவள், என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஃபிரேமுக்கு முன்னால் கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுழலும் கை) நீளத்தை முடிவு செய்யுங்கள், சகோதரரே. உங்கள் ரோடு சைக்கிளில் 172.5 மி.மீ. இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

கிராங்க் குறைந்தால் பெடல் கீழே இருக்கும்போது கால் எட்ட வேண்டிய தூரம் குறைகிறது, அதனால் சீட்டை அதே அளவு உயர்த்த வேண்டும். 172.5-லிருந்து 165-க்கு வந்தால் சீட் 7.5 மி.மீ. உயரும். பெடல் உச்சிக்கு வரும்போது கால் முன்பைவிட 7.5 மி.மீ. தாழ்வாக நிற்கும். இரண்டும் சேர்ந்து முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே 15 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது. ஏரோ நிலையில் இடுப்பு மூச்சு விடுவது அந்த இடத்தில்தான். சீட் உயர்ந்துவிட்டதால் திண்டும் எங்கே நிற்க வேண்டும் என்பது மாறும். திண்டு மாறினால் ஃபிரேம் கணக்கும் மாறும். எனவே வரிசை: கிராங்க், சீட், திண்டு, கடைசியில் ஃபிரேம்.

என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 700சி சக்கரத்தின் ரிம் விட்டம் 622 மி.மீ. சக்கரம், அதற்கு மேல் ஃபோர்க்கின் கிரீடம், அதற்கு மேல் ஹெட் ட்யூப், இவ்வளவும் அடுக்கப்பட்ட பிறகு ஸ்டாக்கை ஓர் அளவுக்குக் கீழே கொண்டுபோகவே முடியாது. எவ்வளவு சிறிய எண்ணை எழுதி ஒட்டினாலும் முன்பக்கம் உயரமாகவே நிற்கும். ரீச்சைக் குறைத்தாலோ முன்சக்கரம் காலுக்கு அருகே வந்து, மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் முனை டயரில் உரசும். 571 மி.மீ. ரிம் கொண்ட 650சி சக்கர ஃபிரேம்கள் இதற்காகவே வந்தன. இப்போது அவை அரிதாகிவிட்டன. குட்டையானவர்களை ஒரு பின்குறிப்பாக நடத்தும் நிறுவனங்கள் மீது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. சின்ன அளவில் ஃபிரேம் செய்வது வெட்டிக் குறைப்பதல்ல, முதலிலிருந்து வரைய வேண்டிய வேலை.

171-க்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கிராங்கை மட்டும் மறக்காதீர்கள்.

நெடுந்தூரம்:

குறுஞ்சட்டம் சொன்ன வரிசையை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன். 180 கி.மீ. ஓட்டிவிட்டு மாரத்தான் ஓட வேண்டியவர்களுக்கு இடுப்பு திறந்திருப்பது காற்றுத் தடையைவிடப் பெரிய விஷயம்.

இந்த நிலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் இப்படி அளக்கிறோம் என்பதும் புரியும். 1989 டூர் த பிரான்ஸின் கடைசி நாள் தனிநேரப் போட்டியில் கிரெக் லெமாண்ட் ஏரோபாரில் முழங்கையை ஊன்றி ஓட்டி, 50 விநாடி பின்தங்கியிருந்த நிலையிலிருந்து 8 விநாடி வித்தியாசத்தில் மொத்தப் பட்டத்தையே வென்றார். அதற்கு முன்பே ட்ரையத்லான்காரர்கள் அந்தக் கம்பியைப் பிடித்திருந்தார்கள். ஆனால் ரோடு ஃபிரேமில் அதைப் பொருத்தியதும் தொடை வயிற்றில் முட்டியது, முன்னே நகர்ந்து சீட்டின் முனையில் உட்கார வேண்டியிருந்தது. குவின்டானா ரூ நிறுவனத்தைத் தொடங்கிய டான் எம்ப்ஃபீல்ட் சீட் ட்யூபையே நிமிர்த்தி, அந்த நிலைக்கென்று ஃபிரேம் செய்தார். பிற்காலத்தில் ஸ்டாக், ரீச் என்ற அளவுமுறையைப் பரப்பியவரும் அவரே. முதலில் உடல் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது, அந்த இடத்தைத் தேடி ஃபிரேம் வந்தது. நாமும் அதே வரிசையில்தான் வாங்க வேண்டும்.

முதல்நீச்சல்:

இடையில் ஓர் ஐயம். சீட்டை இவ்வளவு முன்னே தள்ளினால் போட்டியில் அனுமதிப்பார்களா? சீட்டின் முனை பாட்டம் பிராக்கெட்டுக்கு 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன்.

நெடுந்தூரம்:

நீங்கள் படித்தது சாலைப் பந்தயங்களுக்கான யுசிஐ (சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கம்) விதி. முன்னால் செல்பவரின் காற்று மறைவில் பின்தொடர்ந்து ஓட்டத் தடை உள்ள ட்ரையத்லான்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சீட்டின் முனை பாட்டம் பிராக்கெட்டைத் தாண்டியே முன்னே வரலாம், அதற்கு ஒரு வரம்பு உண்டு. கூட்டமாக ஓட்ட அனுமதியுள்ள குறுந்தூரப் போட்டிகளுக்கு வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு சைக்கிள்தான் வேண்டும், இந்த சைக்கிளே அங்கே ஆகாது. உங்கள் போட்டியின் விதிப்புத்தகத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முதல்நீச்சல்:

நீங்கள் அனைவரும் சொன்னபடி ட்ரெய்னரில் மாட்டி, இரண்டு அச்சுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து செய்து பார்த்தேன். குறுஞ்சட்டம் ஊகித்தது சரி, கிராங்க் 172.5. அதோடு ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் தொடை மேலே வரும்போது ஒரு நெருக்கம். நண்பரிடமிருந்து 165 கிராங்கை வாங்கிப் போட்டதும் அது விலகிவிட்டது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நினைக்கவில்லை.

165 கிராங்கோடு எடுத்த அளவுகள்:

சீட் உயரம் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து சாய்வாக): 713 மி.மீ.
அதையே செங்குத்தாக அளந்தால்: 700 மி.மீ.
சீட் முனை: பாட்டம் பிராக்கெட்டுக்கு 15 மி.மீ. பின்னால் (முனை வெட்டப்பட்ட குட்டைச் சீட்)
திண்டின் உயரம்: 613 மி.மீ.
திண்டின் நடுவுக்குக் கிடைமட்டத் தூரம்: 445 மி.மீ.

அரை மணி நேரம் கழுத்து, தோள் எதுவும் புகார் செய்யவில்லை.

காற்றுவழி:

அருமையான அளவுகள். சீட்டுக்கும் திண்டுக்கும் 87 மி.மீ. இறக்கம். முதல் சைக்கிளுக்கு நிதானமான, நீண்ட நேரம் தாங்கக்கூடிய நிலை. இனி கணக்கு.

திண்டு 613-இல் நிற்க வேண்டும். 51-இன் ஸ்டாக் 490, மீதி 123. 54-இன் ஸ்டாக் 515, மீதி 98. இந்த மீதியை நிரப்புபவை ஹெட்செட்டின் (ஹெட் ட்யூபில் உள்ள பேரிங்கின்) மூடி, ஸ்டெம், ஏரோபார், அதற்கு மேல் ஸ்பேசர்கள். மூடியும் ஸ்டெமின் பாதி உயரமும் சேர்ந்து 35 மி.மீ. என்று வைப்போம். ஸ்டெம் பிடிக்கும் கம்பியின் மையத்திலிருந்து திண்டின் மேற்பரப்பு, ஆகக் குறைந்த நிலையில், 45 மி.மீ. என்று வைப்போம். இது ஏரோபாருக்கு ஏரோபார் மாறும், நீங்கள் வாங்கும் மாடலின் அட்டவணையில் பாருங்கள். மொத்தம் 80. ஆகவே 51-இல் 43 மி.மீ. ஸ்பேசர், 54-இல் 18 மி.மீ. ஸ்பேசர்.

அடுத்து நீளம். ஹெட் ட்யூப் ஏறத்தாழ 73 பாகையில் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் 35 மி.மீ. மேலே போகும்போது 11 மி.மீ. பின்னே வந்துவிடுகிறோம். திண்டின் நடு கம்பியின் மையத்துக்கு 40 மி.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், 445-ஐ எட்ட 51-க்கு 96 மி.மீ. ஸ்டெம் வேண்டும், 54-க்கு 81. அதாவது கடையில் கிடைக்கும் அளவில் 100, 80. ஓரிரண்டு மி.மீ. வித்தியாசத்தைத் திண்டை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டு ஃபிரேமும் உங்களுக்குப் பொருந்தும்! அட்டவணை உங்களை இரண்டிலும் வைத்தது தற்செயலாகச் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டும் ஒரே சைக்கிள் ஆகிவிடாது. முழங்கை ஒரே இடத்தில்தான் இருக்கும். பிரேக் இருக்கும் கீழ்க்கம்பி, அதாவது பேஸ்பார், வேறு இடத்தில் நிற்கும். 43 மி.மீ. ஸ்பேசரையும் திண்டுக்கு அடியில் வைத்தால் 51-இல் பேஸ்பார் சீட்டைவிட 175 மி.மீ. தாழ்ந்திருக்கும். 54-இல் 150. ஏரோபாரில் இருக்கும்வரை இது தெரியாது. வளைவான இறக்கத்தில் பிரேக் பிடிக்கக் கையைக் கீழே கொண்டுபோகும்போதுதான் அந்த 25 மி.மீ. தெரியும்.

மேட்டுப்பாதை:

கணக்கு தெளிவு, ஏற்கிறேன். ஆனால் ஸ்பேசரை ஸ்டெமுக்கு அடியில் வைத்தால் பேஸ்பாரும் சேர்ந்து உயருமே? 51-இலும் அதே 150 கிடைக்கும். எதிர்காலத்தில் தாழ வேண்டுமென்றால் 43 மி.மீ. வரை இறங்கலாம். 54-இல் 18-தான் இருக்கிறது. சிறியது இரண்டு பக்கமும் இடம் கொடுக்கிறது.

காற்றுவழி:

உயரும், ஆனால் சும்மா உயராது. ஸ்டெமுக்கு அடியில் வைக்கும் ஒவ்வொரு 10 மி.மீ. ஸ்பேசரும் ஹெட் ட்யூபின் சாய்வில் ஏறத்தாழ 3 மி.மீ. பின்னே இழுக்கும். திண்டுக்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் அப்படி இழுக்காது. 25 மி.மீ.-ஐ ஸ்டெமுக்கு அடியில் கொடுத்தால் 8 மி.மீ. போகும், ஸ்டெம் 100 போதாமல் 104 வேண்டியிருக்கும், கடையில் 110-தான் கிடைக்கும். சிறிய ஃபிரேமில் முன்சக்கரம் ஏற்கெனவே உங்களுக்கு அருகில் இருக்கிறது. அதன் மேல் நீண்ட ஸ்டெம், அதன் மேல் முன்னே சாய்ந்த உடல். எடை முன்சக்கரத்தின் மேல் குவிகிறது. நேர்ச்சாலையில் பரவாயில்லை, குறுக்குக் காற்றிலும் இறக்கத்திலும் சைக்கிள் பதற்றமாக நடந்துகொள்ளும். பாட்டம் பிராக்கெட்டுக்கும் முன் அச்சுக்கும் இடையே நல்ல தூரம் இருப்பது ட்ரையத்லான் சைக்கிளுக்கு ரோடு சைக்கிளைவிட அதிகம் தேவை. இரண்டு ஃபிரேமுக்கும் அந்த அளவை நிறுவனத்தின் பட்டியலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"சிறியதை எடு" என்ற அறிவுரை ரோடு ஃபிரேமில் ஏரோபார் மாட்டுபவர்களுக்குப் பொருந்தும். அங்கே சீட் முன்னே போனதும் ரீச் மிஞ்சிவிடும், நீட்டிப் படுக்க நேரும், சிறிய ஃபிரேமோ குட்டை ஸ்டெமோ உதவும். ஃபிரேமே இந்த நிலைக்காக வரையப்பட்டிருக்கும்போது அதே அறிவுரையைத் தூக்கிக்கொண்டு வருவது சரியல்ல.

நெடுந்தூரம்:

எதிர்காலத்தில் தாழ்வோம் என்ற நம்பிக்கையைப் பற்றி. இப்போது பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். திண்டைக் கொஞ்சம் உயர்த்தி, நீட்சிக் கம்பிகளை மேல்நோக்கிச் சாய்த்து, கைகளுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொள்வது பரவலாகிவிட்டது. காற்றுத் தடையின் பெரும்பங்கு உடலிலிருந்தே வருகிறது, அதில் தலையும் தோளும் எங்கே நிற்கின்றன என்பது முதுகின் தாழ்வைப் போலவே பேசுகிறது. 90 கி.மீ. முழுக்கக் காக்க முடியாத தாழ்வான நிலையால் எந்தப் பயனும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து உட்கார்ந்தால் அதுவரை சேமித்தது போய்விடும்.

முதல்நீச்சலுக்கு வருங்காலத்தில் 20 மி.மீ. உயர்த்தத் தோன்றினால் 51-இல் ஸ்பேசர் 63 ஆகும். 54-இல் 38. எனக்குச் சந்தேகமே இல்லை, 54.

சக்கரத்தச்சன்:

இன்னொரு காரணமும் உண்டு. திண்டுக்கு அடியில் உயர்த்துவதற்கு ஒவ்வொரு ஏரோபாருக்கும் நிறுவனம் ஓர் எல்லை வைத்திருக்கிறது, போல்ட்டின் நீளமும் அதற்கேற்ப மாற வேண்டும். கார்பன் ஸ்டியரரில் (ஃபோர்க்கிலிருந்து ஹெட் ட்யூப் வழியாக மேலே வரும் குழாயில்) ஸ்டெமுக்கு அடியில் எவ்வளவு ஸ்பேசர் வைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கையேட்டில் எழுதியிருக்கும், அதை மீறக் கூடாது.

ஸ்டெமும் பேஸ்பாரும் ஃபிரேமோடு ஒன்றாக வரும் மாடல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண ஸ்டெமைப் போல 10 மி.மீ. இடைவெளியில் விரும்பிய நீளம் கிடைக்காது, இரண்டோ மூன்றோதான் இருக்கும். காற்றுவழி போட்ட 80 மி.மீ. அங்கே கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படிப்பட்ட மாடல்களுக்கு, ஒவ்வொரு அளவிலும் திண்டு எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை, எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை நிற்கும் என்று நல்ல நிறுவனங்கள் அட்டவணையாகவே கொடுக்கின்றன. 613, 445 என்ற உங்கள் புள்ளி அந்தப் பெட்டியின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாதை:

பேஸ்பார் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். மலைப்பாதையில் ஓட்டுபவன் நான், ஏற்றத்தில் பேஸ்பாரைத்தான் பிடிக்கிறேன். அது 25 மி.மீ. தாழ்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிறியது எப்போதும் தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல்நீச்சலின் திண்டு 613-க்குப் பதிலாக 590-இல் நின்றிருந்தால் 54-இல் ஸ்பேசருக்கே இடமிருக்காது, குறைந்தபட்ச 80-ஐக்கூடப் பொருத்த முடியாமல் 595-இல் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். அப்போது 51-தான் ஒரே வழி.

காற்றுவழி:

மிகச் சரி. புதிதாகப் படிக்க வருபவர்கள் இந்தப் பதிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதல்நீச்சல்:

நிறுவனத்தின் பட்டியலைத் தேடி எடுத்தேன். இந்த மாடலில் ஸ்டெம் தனி, 80 மி.மீ. கிடைக்கிறது. ஏரோபாரின் குறைந்தபட்ச உயரம் காற்றுவழி வைத்த கணக்கிலிருந்து 3 மி.மீ.-தான் வேறுபடுகிறது. பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன் அச்சுக்கான தூரமும் 54-இல் அதிகம். 54-ஐ 165 கிராங்கோடு கேட்டு எழுதியிருக்கிறேன். கிராங்கை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று. சைக்கிளைப் பொருத்தும்போதே ஸ்டியரர் குழாயை அளவுக்கு வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். வெட்டச் சொல்லலாமா?

சக்கரத்தச்சன்:

இப்போது வேண்டாம். வெட்டியதை ஒட்ட முடியாது. ஸ்டெமுக்கு மேல் ஸ்பேசர்களை அடுக்கி, குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி மூடியைப் போடச் சொல்லுங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, பரவாயில்லை. அப்படியே போட்டிவரை ஓட்டுங்கள். புதுச் சீட், புது ஃபிரேம், வெளிச்சாலை எல்லாம் சேரும்போது ட்ரெய்னரில் அளந்த இடம் சில மி.மீ. நகரத்தான் செய்யும். அது நின்ற பிறகு, எல்லா அளவுகளையும் மறுபடி எடுத்துக்கொண்டு வெட்டக் கொடுங்கள். அப்போதும் ஸ்டெமுக்கு மேல் ஒரு 5 மி.மீ. ஸ்பேசருக்கு இடம் விட்டே வெட்டச் சொல்லுங்கள்.